ஆவாரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன இதழில் வேலிச் செடிகளைப் பற்றிச் சொல்லும்போது, "சோம்பேறிக்கு ஆவாரையைவிடப் பொருத்தமான செடி கிடையாது" என்று போகிறபோக்கில் எழுதிவைத்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரம் கட்டிவிட்டன. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் பதில் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே நான் ஆவாரைக் கட்சி. நாற்றுப்பண்ணை வைத்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: மாடியில் தொட்டியில் வைத்த ஆவாரை இலையும் தழையுமாகச் செழிப்பாக இருக்கிறது. தினமும் தண்ணீர், மாதம் தவறாமல் மண்புழு உரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். பூ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன குறை வைத்தேன்?

குறை ஒன்றும் வைக்கவில்லை. அதிகமாக வைத்ததுதான் சிக்கல். இது மானாவாரியில் பிழைத்த செடி. கல்லாங்குத்து, செம்மண் மேடு, சுண்ணாம்புக்கல் கலந்த கரிசல், ரயில் பாதையோரச் சரளை என்று எங்கேயும் நின்றுகொண்டிருக்கும். ஆணிவேரைக் கீழே இறக்கி, கிடைக்கிற ஈரத்தை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்தது. அதற்குப் போய்த் தினமும் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்தால் இலை போட்டுக்கொண்டே இருக்கும். பூக்க வேண்டிய அவசரம் அதற்கு ஏது?

உரத்தை அடியோடு நிறுத்துங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டி ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும், அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் இந்தச் செடி தாங்காது. வெயில் நாள் முழுக்க விழுகிற மூலைக்கு மாற்றுங்கள். அப்புறம் கத்தரி. ஆவாரை புதுக் கிளையின் நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிட்டால் நாலாபுறமும் துளிர்க்கும், ஒவ்வொரு துளிரின் நுனியும் பூக்கும் இடமாகிவிடும். தயங்காமல் வெட்டுங்கள். பாசத்தைக் காட்ட வேறு செடி வைத்துக்கொள்ளலாம்.

சேலம் வாசகர்: சாயங்காலம் ஆனதும் இலையெல்லாம் மடங்கித் தொங்குகிறது. வாடல் நோயா?

தூக்கம். காலையில் பாருங்கள், விரிந்திருக்கும். புளிய இலையும் இப்படித்தான் இரவில் மடங்கும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஆன்லைனில் காய்ந்த ஆவாரம்பூ வாங்கினேன். அம்மா பார்த்துவிட்டு "இது ஆவாரையே இல்லை" என்கிறார். செடியை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காய்ந்து சுருங்கிய மஞ்சள் இதழை வைத்துக்கொண்டு நிபுணர்களே தடுமாறுவார்கள். சாலையோரங்களில் வைத்திருக்கும் மஞ்சள் கொன்றை மரத்தின் பூவைக் காயவைத்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் பொட்டலத்தை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆவாரை புதர்ச் செடி. பெரும்பாலும் இடுப்பு உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை, நல்ல மண் கிடைத்தால் அதற்கு மேலும் போகும். பட்டை பழுப்பு. ஓர் இலைக்காம்பில் 8 முதல் 12 ஜோடி வரை சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் நிமிர்ந்த சின்னச் சுரப்பி ஒன்று உண்டு. லென்ஸ் தேவையில்லை, வெறுங்கண்ணுக்கே தெரியும். இதையெல்லாம்விட எளிதான அடையாளம், காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி அகலமாக இருக்கும் இலையடிச் செதில். 'ஆரிகுலேட்டா' என்று 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்ததே இந்தக் காதைப் பார்த்துத்தான். அப்போது இதைக் காசியா இனத்தில் சேர்த்திருந்தார்கள், இப்போது சென்னா இனம். பழைய புத்தகத்தில் காசியா ஆரிகுலேட்டா என்றும் புதியதில் சென்னா ஆரிகுலேட்டா என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், ஒரே செடிதான். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிதாக இருக்கும். உள்ளே விதை இருக்கிற இடம் மேடு தட்டி வெளியே தெரியும்.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல. பேயாவாரை என்று ஒன்று குப்பைமேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிறது. அதுவும் மஞ்சள் பூ, அதுவும் சென்னா இனம். ஆனால் அதன் சிற்றிலைகள் நான்கைந்து ஜோடிதான் இருக்கும், நுனி கூராக இருக்கும், கசக்கினால் நாறும். காதுமடல் கிடையாது. அதன் காயைக் குழந்தைகள் பறித்துத் தின்றால் கல்லீரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்படும். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த ஒரு மர்ம நோய்க்குக் காரணம் இந்தக் காய்தான் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால், காது இல்லாவிட்டால் பறிக்காதீர்கள்.

கோவில்பட்டி வாசகி: நாட்டு மருந்துக் கடையில் ஆவாரைப் பொடி கேட்டேன். நிலாவாரைப் பொடியைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். மாமியார் இரண்டு நாளாக வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் இருக்கிறார்!

பாவம். நிலாவாரை என்பது பேதி மருந்து. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வயலில் பயிராக வளர்த்து, இலையையும் காயையும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. மலச்சிக்கல் மாத்திரைகளில் இருக்கும் சென்னோசைடு இந்த வகைச் செடியிலிருந்து எடுப்பதுதான். ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் வேலை வேறு. மாமியாருக்கு உப்பும் சர்க்கரையும் சேர்த்த நீராகாரம் நிறையக் கொடுங்கள். நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பொடியாக எதையும் வாங்காதீர்கள். பொடியாக்கிய பிறகு எல்லாச் செடியும் ஒரே முகம்தான்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஆவாரம்பூ டீ குடித்தால் போதும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். குடிக்க ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையை எப்போது நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

இந்தச் செடிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு வீடியோக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒரு கஷாயம் உண்டு. பெயரில்தான் ஆவாரை முன்னால் நிற்கிறது. கூடவே கொன்றை, நாவல், மருதம், கோரைக்கிழங்கு என்று ஒரு கூட்டமே சேரும். ஆளைப் பார்த்து, நாடியைப் பார்த்துக் கொடுப்பது அது. பூ, இலை, பட்டை, வேர், விதை என்ற ஐந்து பாகமும் சேர்ந்த ஆவாரைப் பஞ்சாங்கம் இன்னொன்று. இதில் நான்கைந்து இதழை மட்டும் பிய்த்து வெந்நீரில் போட்டுவிட்டு "சித்தர்கள் சொன்னது" என்றால், சித்தர்கள்தான் வருத்தப்படுவார்கள்.

ஆய்வுகள் இல்லையா என்றால் இருக்கின்றன. ஆவாரம்பூச் சாறு கொடுத்த எலிகளுக்கு இரத்தச் சர்க்கரை குறைந்ததாகப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து, மாத்திரைக்கு மாற்று என்று யாரும் நிறுவவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. நிஜமாகவே அது சர்க்கரையைக் குறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மாத்திரையும் போட்டு அதையும் குடித்தால் அளவுக்கு மீறி இறங்காதா? வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை தண்ணீர் குடித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். குடிக்கிற விஷயத்தை அவரிடம் மறைக்காதீர்கள்.

வலிப்புக்குக் கார்பமாசெபின் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இலங்கையில் இந்தச் செடிக்குச் சிங்களத்தில் ரணவரா என்று பெயர், அங்கே டீயாகக் குடிப்பது சாதாரண வழக்கம். அந்த ஊர் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட எலி ஆய்வு ஒன்றில், ரணவரா டீ கொடுத்தபோது இரத்தத்தில் கார்பமாசெபின் அளவு ஏறியது. மாத்திரையின் அளவு மாறாமலே உள்ளே மருந்து கூடிப்போவது ஆபத்து. கர்ப்பிணிகளும் இந்த டீயைத் தவிர்ப்பது நல்லது.

வேறு தொந்தரவு இல்லாதவர்கள் எப்போதாவது ஒரு கைப்பிடி புதுப் பூவை வெந்நீரில் போட்டுக் குடிப்பதை நான் தடுக்கவில்லை. நானும் குடிப்பேன், லேசான துவர்ப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியைக் கடிதத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவாரை பூத்துக் குலுங்கிய எல்லா ஊரிலும் சுடுகாடும் இருந்தது.

காரைக்குடி வாசகி: சமைக்கலாமா?

தாராளமாக. பூவின் காம்பையும் நடுவில் உள்ள மகரந்தத் தண்டுகளையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். துவையலும் அரைக்கலாம், புளி கொஞ்சம் தாராளமாக வேண்டும். காலையில் பறித்த பூ நல்லது, மதியத்துக்குள் துவண்டுவிடும். காயவைத்த இதழைப் பச்சைப்பயறு, பூலாங்கிழங்கோடு அரைத்துக் குளியல் பொடி செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர்: ஆவாரைச் செடி முழுக்கப் பச்சைப் புழு. ஒரே வாரத்தில் பாதி இலை காலி. என்ன மருந்து அடிப்பது?

எதுவும் வேண்டாம். அவை வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். கொன்றையிலும் தகரையிலும் இதே புழுக்களைப் பார்க்கலாம். அவற்றுக்கு இந்தக் குடும்பத்து இலைதான் சாப்பாடு. ஆவாரைக்கு இது பழக்கப்பட்ட இழப்பு, இரண்டு மூன்று வாரத்தில் திரும்பத் துளிர்த்துவிடும். முழங்கால் உயரத்துக்கும் குறைவான கன்றாக இருந்தால் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள்.

இலைச் சுரப்பியைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதையும் கலைக்காதீர்கள். அந்தச் சுரப்பியில் இனிப்பு நீர் கசியும். அதற்காக வரும் எறும்புகள் இலையில் இருக்கும் முட்டைகளையும் சின்னப் புழுக்களையும் கொண்டுபோய்விடும். இலையிலேயே கூலி கொடுத்துக் காவல் வைத்திருக்கிறது செடி. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் காவல்தான்.

சென்னை, மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் குடியிருப்பில் மூன்று செடிகள் நன்றாகப் பூக்கின்றன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. விதை எடுக்க ஆசைப்படுகிறேன்.

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! ஆவாரம்பூவில் தேன் கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும். அதையும் சும்மா கொடுக்காது. மற்ற பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் பிளந்து தூள் தானாகக் கொட்டும். இதில் பையின் நுனியில் சின்னத் துளை மட்டும்தான். பூவை உலுக்கினால்தான் அந்தத் துளை வழியாகத் தூள் வெளியே வரும். அதைச் செய்யத் தெரிந்தது கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத் தேனீ. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும், பறக்கும்போது வரும் சத்தத்தைவிடக் கூர்மையாக. அந்த அதிர்வில் மகரந்தம் அதன் வயிற்றில் பீய்ச்சி அடிக்கும்.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள், மகரந்தத் தண்டுகள் பத்து இருக்கும், எல்லாம் ஒரே அளவு இல்லை. மேலே உள்ள மூன்று வெறும் மலட்டுத் தண்டுகள். நடுவில் இருப்பவை குட்டை, வண்டு பிடித்து உலுக்குவது இவற்றைத்தான். கீழே நீண்டு வளைந்திருப்பவை, வண்டு கவனிக்காத நேரத்தில் அதன் உடம்பின் ஓரத்தில் தூளைப் பூசிவிடும். அடுத்த பூவின் சூல்தண்டு அதே இடத்தைத்தான் தொடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் குடியிருப்பில் பூ இருக்கிறது, வண்டு இல்லை. கொசு மருந்துப் புகை அடிக்கடி அடிக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கருவண்டு காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும். பட்டுப்போன கிளை ஒன்றையோ, தடித்த மூங்கில் துண்டுகளையோ மழை படாத மூலையில் கட்டி வையுங்கள். அது வரும்வரை, மின்சாரப் பல் துலக்கும் பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூவின் அடியில் வைத்து அதிரவிட்டுப் பாருங்கள். கீழே ஒரு கறுப்புக் காகிதம் பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். அதை மென்மையான தூரிகையால் பக்கத்துச் செடிப் பூவின் சூல்தண்டு நுனியில் தடவுங்கள். காய் பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி: நிலத்தின் ஒரு மூலை களர், உப்பேறி இறுகிய மண். ஆவாரைத் தழையை மிதித்தால் சரியாகும் என்பார் அப்பா. இது பயறு வகைக் குடும்பம் என்கிறார்களே, வேரிலும் தழைச்சத்து சேர்க்குமா? வேலியாக வைத்தால் ஆடு விட்டுவைக்குமா?

மூன்று கேள்வி. அப்பா சொன்னது சரி. களர் நிலத்தில் ஆவாரை, எருக்கு, வேம்புத் தழைகளை வெட்டிப்போட்டு மிதிப்பது பழைய பழக்கம். தழை மக்கும்போது மண் பொலபொலப்பாகும், நீர் கீழே இறங்க வழி கிடைக்கும். களர் கடுமையாக இருந்தால் தழை மட்டும் போதாது. மண் பரிசோதனை செய்து ஜிப்சமும் சேர்க்க வேண்டியிருக்கும்.

பயறு வகைக் குடும்பம் என்பதும் உண்மை. ஆனால் வேரைத் தோண்டிப் பார்த்தால் துவரையிலும் தக்கைப்பூண்டிலும் இருப்பது போல முடிச்சு இருக்காது. இந்தக் குடும்பத்தில் எல்லாரும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பவர்கள் அல்ல, சென்னா வகைகள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஆகவே வயலுக்குக் கிடைப்பது தழையில் உள்ள சத்து மட்டுமே. வேர்வழி வரவு என்று எதையும் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆடு, மாடு சாதாரணமாக ஆவாரையை மேயாது. மேய்ச்சல் காட்டில் மற்றதெல்லாம் மொட்டையாகி ஆவாரை மட்டும் மஞ்சளாக நிற்பதற்குக் காரணம் அதுதான். பஞ்ச காலத்தில் பசித்த வெள்ளாடு என்ன செய்யும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். வேலிக்கு ஒன்றரை அடிக்கு ஒரு விதைக்குழி என்று இரட்டை வரிசையாகப் போடுங்கள். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது உயிர்த்தண்ணீர் கொடுத்தால் போதும். முள் கிடையாது, எனவே இது எல்லை காட்டும் வேலிதானே தவிர ஆளைத் தடுக்கும் வேலி அல்ல.

பூவுக்காக ஏக்கர் கணக்கில் நடலாமா என்று கடைசியில் பென்சிலில் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர்ச் செலவு, மருந்துச் செலவு இல்லை. பறிக்கிற கூலிதான் எல்லாமே. பூ கொத்தாக இருந்தாலும் ஒவ்வொன்றாக, வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். காய்ந்தால் எடை வெகுவாகக் குறைந்துவிடும். வாங்குகிறவரிடம் விலையை எழுத்தில் பேசிக்கொண்டு, வேலியோரத்தில் மட்டும் ஆரம்பியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மூத்த வாசகர்: சின்ன வயதில் வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். தோல் பதனிட என்பார்கள். இப்போது யாரும் பேசுவதே இல்லையே?

நல்ல வேளையாக நீங்கள் கேட்டீர்கள். இன்றைக்கு ஆவாரை என்றால் எல்லோருக்கும் டீதான். ஆனால் இந்தச் செடி நம் ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது பட்டையால். ஆவாரம்பட்டையில் சுமார் 18 விழுக்காடு டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை, இடித்த பட்டை ஊறிய நீரில் போட்டுவைத்தால் டானின் தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். அதன்பிறகு தோல் அழுகாது. முடிவில் கடுக்காய் நீரில் ஒருமுறை போட்டு எடுப்பார்கள். இப்படிப் பதனிட்ட வெளிர்நிறத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'.

அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. அதில் டானின் ஏறக்குறைய இரு மடங்கு. கனமான பட்டை, ஒரே மரத்தில் நிறையக் கிடைக்கும். ஆவாரையிலோ விரல் தடிமன் கிளைகளை வெட்டி, தட்டித் தட்டி உரிக்க வேண்டும். அதோடு குரோம் உப்பால் பதனிடும் முறையும் பரவியது. நாள்கணக்கில் ஊறவைத்த வேலை சீக்கிரமே முடிந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைகள் வளர்ந்தன. குரோம் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆவாரம்பட்டைக் கழிவு ஆற்றுக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. டானின் நீரும் மீனுக்கு ஆகாது. ஆனால் அது காலப்போக்கில் மக்கிவிடும், குரோமியம் அப்படி மறையாது.

கிளையை வெட்டி எடுத்த பிறகும் தூரிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். அதனால்தான் அவ்வளவு வெட்டியும் ஆவாரை அழியவில்லை. இப்போது புல்டோசர் தூரோடு எடுக்கிறது, அது வேறு கணக்கு.

ஓசூர் வாசகி: தெலங்கானாவின் மாநிலப் பூ ஆவாரை என்பது உண்மையா? நமக்கு ஏன் தோன்றவில்லை?

உண்மை. தெலுங்கில் தங்கேடு. 2014-இல் தனி மாநிலமானதும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். பதுகம்மா பண்டிகையில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம் போல வைத்துப் பெண்கள் சுற்றி ஆடுவார்கள், அதில் தங்கேடு முக்கியம். நம் மாநிலப் பூ செங்காந்தள். அதுவும் அழகுதான், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் போகி அன்று பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரையைச் சேர்த்துக் காப்புக் கட்டும் ஊர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. சங்கப் பாடல்களில் காதல் கைகூடாத ஆண் பனைமடலில் குதிரை செய்து தெருவில் வரும்போது, அதற்குப் போடும் மாலையும் ஆவிரைதான், அதாவது நம் ஆவாரை. ரோட்டோரத்தில் சும்மா கிடைக்கிற பூ என்பதால் அவசரத்துக்கு அதைப் பறித்திருப்பானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

விருதுநகர் வாசகர்: சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். கண்மாய்க் கரையோரம் உள்ள பெரிய ஆவாரைகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாமா? இல்லையென்றால் நீங்கள் விதை அனுப்ப முடியுமா?

பெயர்க்க வேண்டாம், பிழைக்காது. ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். கடப்பாரை போட்டால் அறுந்துவிடும், அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வீண். விதையும் என்னிடம் கேட்க வேண்டாம், உங்கள் காலடியிலேயே இருக்கிறது. தை, மாசியில் போய்ப் பாருங்கள். காய் பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும். துளை விழுந்த காயை விட்டுவிடுங்கள், உள்ளே வண்டு விதையைத் தின்றிருக்கும். மீதியை உடைத்து, விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடுங்கள்.

விதைத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் சில முளைக்கும், மற்றவை மாதக்கணக்கில் உறங்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைக் கொட்டி, அப்படியே ஆறவிட்டு மறுநாள் காலை எடுங்கள். ஊதிப் பெருத்தவற்றை விதையுங்கள். ஊதாதவற்றை உப்புத்தாளில் ஒருமுறை தேய்த்து, மறுபடி ஊறவையுங்கள். ஆழமான நாற்றுப்பையில் மணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்து, விரல்நக ஆழத்தில் ஒன்றோ இரண்டோ போடலாம். சாண் உயரம் வந்ததும், வேர் பையின் அடியில் சுருளுவதற்கு முன்னால், முதல் மழை ஈரத்தில் நட்டுவிடுங்கள். நேரடியாகக் குழியில் விதைப்பது இன்னும் மேல். கரையோரம் வேலை தொடங்கும் தேதியைக் கேட்டுவிட்டு, அதற்கு முன்னால் காய் பறித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மேடவாக்கத்து வாசகிக்குக் கொஞ்சம் வேண்டும். இந்த இதழின் முகவரிக்கு உறையில் போட்டு அனுப்பினால் சேர்த்துவிடுகிறேன்.